செதுக்காமல் விட்ட பூ

கடைசிக் கோடு ஒரு கிளியின் வாலில் விழுந்தது. மார்கழிக் காலை, மணி பதினொன்று இருக்கும். நேமத்தான்பட்டியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், எட்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்து அந்த வாரம்தான் திறந்த ஒரு வீட்டின் திண்ணை. வாசல் நிலையின் வலது காலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு மாதுளையைக் கொத்துகிற கிளி. வாலில் மூன்று இறகு. மூன்றாவது இறகின் நுனியிலிருந்து பேனாவை எடுத்தபோது, இனி வரைய ஒன்றும் பாக்கியில்லை என்று தெரிந்தது. 2013-ல் தொடங்கிய வேலை. பதினோரு ஆண்டுகள், 17 நோட்டுகள், 112 நிலைகள். மை காயும்வரை காத்திருந்து நோட்டைப் பைக்குள் வைத்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான்.

மறுநாள்தான் அது வேறு மாதிரி தெரிந்தது. எட்டு மணிக்குக் கை தானாகப் பையை எடுத்துத் தோளில் மாட்டியது. பேனா, அளவு நாடா, தண்ணீர் பாட்டில், மடக்கு முக்காலி எல்லாம் அதனதன் இடத்தில். படியிறங்கித் தெருவில் நின்றேன். கிழக்கே போவதா, மேற்கே போவதா? எதிரே வந்த பால்காரத் தம்பி வழக்கம்போல, “ஆச்சி, இன்னைக்கு எந்த வீடு?” என்றது. “இன்னைக்கு எந்த வீடும் இல்லப்பா” என்று சொல்வதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஒரு வேலை முடிந்தால் பாரம் இறங்கியது என்கிறோம். உண்மைதான். ஆனால் தலைச்சுமையை இறக்கி வைத்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். சுமை இறங்கிய பிறகும் சும்மாடு கொஞ்ச நேரம் தலையிலேயே இருக்கும். கழுத்து நேராக நிற்கும், நடை அளந்தே போகும். சுமை போய்விட்டது என்பது உடம்புக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆகும். என் உடம்புக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்த மாதத்தில் எனக்குள் ஓடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேலை தொடங்கியது ஒரு வெட்கத்தில். 2013-ல் நான் ஓவிய ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அதே ஆண்டு நான் பிறந்த வீட்டைப் பிரித்தார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்கு, பொதுவான வீடு. ஏழும் ஏழு ஊரில் இருக்கின்றன. முகப்பில் தொடங்கி வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரைக்கும் போகிற வீட்டுக்கு ஓடு மாற்றவே ஆளுக்கு எவ்வளவு போடுவது என்று பேசிப் பேசி ஓய்ந்தோம். மழை யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கடைசியில் மரத்தை மரமாக, தூணைத் தூணாக விலை பேசினார்கள். எல்லாம் போன பிறகு ஒரு நாள் ராத்திரி நிலையை நினைவிலிருந்து வரைந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நடுவில் கஜலட்சுமி. இரண்டு பக்கமும் யானை. யானையின் துதிக்கையில் இருந்தது குடமா, தாமரை மொட்டா?

தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்த நிலைக்குக் கீழேதான் போய் வந்திருக்கிறேன். அதற்குக் கீழே நின்றுதான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அப்பச்சியை, என் தகப்பனாரை, தூக்கிக்கொண்டு போனதும் அதன் வழியாகத்தான். முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பறையில் “பார்த்து வரை, பார்த்து வரை” என்று பிள்ளைகளிடம் ஓயாமல் சொன்ன எனக்கு, என் வீட்டு யானை கையில் என்ன வைத்திருந்தது என்று தெரியவில்லை. மறுநாள் காலை முதல் நோட்டை வாங்கினேன்.

செட்டிநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலி பளிங்கு, ஆத்தங்குடிக் கல் என்று அடுக்குவார்கள். எல்லாம் இருக்கிறதுதான். 2014-ல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் ஏறின. ஆனால் என் கண்ணுக்கு இந்த வீடுகளின் முகம் நிலைதான். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு. அதில் உளி பிடித்தது உள்ளூர் ஆசாரிமார். கட்டியவர் யார் என்பது ஊருக்கே தெரியும். தூணில், கண்ணாடியில், பாத்திரத்தில் என்று எல்லாவற்றிலும் வீட்டுக்காரரின் விலாசம், அதாவது பெயரின் தலைப்பெழுத்து, உண்டு. செதுக்கியவர் பெயரை நான் வரைந்த 112 நிலைகளில் ஒன்றில்கூடப் பார்க்கவில்லை.

காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரைதான் வரைவேன். அப்போதுதான் வெளிச்சம் சாய்ந்து விழும், செதுக்கலின் பள்ளமும் மேடும் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். முதலில் அளவு, பிறகு பென்சில், கடைசியில் மை. ஒரு நிலைக்கு நான்கு நாளும் ஆகியிருக்கிறது, நாற்பது நாளும் ஆகியிருக்கிறது. கோயில்களுக்கே போய் உட்கார்ந்து சிலைகளை வரைந்த ஓவியர் சில்பியின் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ படங்களை ஆனந்த விகடனில் பார்த்து வளர்ந்தவள் நான். புகைப்படம் எடுத்து வந்து வீட்டில் வரையலாமே என்று பலர் சொன்னார்கள். எடுத்துப் பார்த்தேன். படத்தில் எல்லாம் ஒரே நொடியில் தெரிந்துவிடுகிறது. அதனால் எதையும் தேடத் தோன்றுவதில்லை. நேரில் உட்கார்ந்தால் நிலை தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் காட்டும். முதல் நாள் தாமரை என்று தெரிந்தது மூன்றாம் நாள் வேறு பூவாக இருக்கும். இடது காலும் வலது காலும் ஒன்றுபோல இருக்கின்றன என்று நினைத்திருப்போம். உட்கார்ந்து பார்த்தால் இடது பக்கம் கை அழுத்தமானவர், வலது பக்கம் கை லேசானவர் என்று தெரியும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார்கள். நூறு ஆண்டுக்குப் பிறகும் அவர்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

இன்னொன்றும் இந்த வேலை கொடுத்தது. நோட்டு கையில் இருந்ததால் எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்கார எனக்கு உரிமை வந்தது. பூட்டிய வீட்டுக்குச் சாவி வந்தது. பேச்சு நின்றுபோன பங்காளி வீட்டிலும் எனக்குக் காப்பி வந்தது. முடித்த மறுநாள் தெருவில் நின்றபோது தொண்டையை அடைத்தது இந்த உரிமை போனதுதான் என்று பிறகு புரிந்தது. நீண்ட வேலை செய்கிறவரை யாரோ ஓரிடத்தில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். என்னை 112 வாசல்கள் ஒவ்வொன்றாக எதிர்பார்த்தன. இப்போது எதுவும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு நிலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆறாவது நோட்டில் இருக்கிறது. இடது காலில் கீழிருந்து மேலாக ஒன்பது பூ. எட்டுப் பூவில் இதழ் மடிப்பு, மகரந்தப் பொடி, காம்பின் நரம்பு எல்லாம் உண்டு. ஒன்பதாவது பூ, அதாவது கண் உயரத்துக்கும் மேலே இருப்பது, வெறும் கீறல். ஒரு வட்டம், அதற்குள் ஐந்து இதழின் கோடு. உளி அதன் மேல் போகவேயில்லை. சுற்றிலும் எண்ணெய் ஏறிக் கறுத்த மரத்தில் அந்தக் கீறல் நகத்தால் கிழித்ததுபோல மெல்லியதாக இருந்தது. மூன்று நாள் கீழே உள்ள பூக்களையே வரைந்துகொண்டிருந்த எனக்கு, நான்காம் நாள்தான் அது கண்ணில் பட்டது.

ஏன் விட்டார்? கூலித் தகராறா, நோயா, நல்ல நாள் நெருங்கிவிட்டதா? பழைய வேலை தெரிந்த ஆசாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். எண்பதை நெருங்கியவர். பார்ப்பதற்கு முன்னால் தொட்டார். கட்டைவிரலை அந்த வட்டத்தில் வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

“கண்ணு படக்கூடாதுன்னு ஒண்ண விட்டுருவாங்கன்னு சொல்லுவாக ஆச்சி. எனக்கு அப்படித் தோணல. இந்த எடத்துல விரல வச்சுப் பாருங்க. கணு. உளி வச்சா தெறிச்சிரும். தெறிச்சா நிலையே போச்சு. நல்ல வேலைக்காரன். அதான் விட்டுட்டான்.”

நல்ல வேலைக்காரன், அதனால் விட்டுவிட்டான். பதினோரு ஆண்டுகளில் என் வேலையைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான சொல் இது. அவருடைய கைக்கு ஒன்பது பூவும் வரும். ஆனால் மரம் எட்டுக்குத்தான் சம்மதித்தது. அதை அறிந்து உளியைக் கீழே வைத்திருக்கிறார். நானும் நோட்டில் எட்டுப் பூவை மையால் வரைந்து, ஒன்பதாவதைப் பென்சில் கோடாகவே விட்டேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டு அந்த வீட்டு ஆச்சி உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நிமிர்ந்து பார்த்தார்கள். “நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து அறுவத்தஞ்சு வருஷமாச்சு. இன்னைக்குத்தான் ஆத்தா பாக்குறேன்” என்றார்கள். கையை உயர்த்தித் தொடப் பார்த்தார்கள். எட்டவில்லை. என் முக்காலியைப் போட்டு ஏற்றி, பிடித்துக்கொண்டேன். அந்தக் கீறலை ஆசாரி தடவியதுபோலவே தடவிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும், காப்பி கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பூவைக் காட்டுவார்கள் என்று அவர்கள் மகள் சொன்னார். நூறு ஆண்டு யாரும் பார்க்காத ஒரு பூ, அதுவும் செதுக்காத பூ, அவர்களின் கடைசி மூன்று ஆண்டுகளில் அந்த வீட்டின் முதல் பூவாக ஆயிற்று.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

2019-ல் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். பழைய வீட்டுச் சாமான்கள் விற்கிற கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. எனாமல் தூக்குகள், ரவிவர்மா படங்கள், மர உருளைகள், தூண்கள். எங்கள் பக்கத்து வீடுகள் துண்டு துண்டாக அங்கே வெயில் காயும். ஒரு கடையின் பக்கவாட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த நிலையைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. மூன்றாவது நோட்டில் நான் வரைந்தது. இடப்பக்க யானையின் காதில் ஒரு வெடிப்பு இருக்கும். அதை வரைய ஒரு காலை முழுவதும் எடுத்துக்கொண்டேன். அதே வெடிப்பு. கால்களில் மண், மேலே சாக்பீஸில் ஓர் எண்.

கடைக்காரர் மரியாதையாகவே பேசினார். ஏதோ வெளியூர் ஓட்டலுக்குப் போகிறதாம். “உளுத்துப் போகாம ஒரு எடத்துல நிக்குமே ஆச்சி” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் அழுதது நிலைக்காக அல்ல. வரைந்துவிட்டால் காப்பாற்றியதுபோல என்று ஆறு ஆண்டுகளாக எனக்குள் ஓர் எண்ணம் இருந்திருக்கிறது. அது அன்றைக்கு அந்தத் தெருவில் உடைந்தது. என் கோடு ஒரு வீட்டையும் நிறுத்தவில்லை. பிறகு எதற்கு இந்த வேலை? இரண்டு மாதம் நோட்டைத் தொடவில்லை.

அந்த இரண்டு மாதத்தில்தான் ஏ.கே. செட்டியாரின் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ படித்தேன். காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் 1911-ல் பிறந்தவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்தநாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போகிற கப்பலில், காந்தியைப் பற்றி ஒரு முழு ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றுகிறது. அப்போது வயது இருபத்தாறுகூட முடியவில்லை. பிறகு ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம். முப்பது ஆண்டுகளில் யார் யாரோ, எங்கெங்கோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களை நாடு நாடாகத் தேடிப் போய்ச் சேர்த்தார். 50,000 அடி சேர்ந்தது. அதிலிருந்து 12,000 அடியில் படத்தை அமைத்தார். 1940 ஆகஸ்டில் சென்னையில் தமிழில் வெளியானது.

அது முடிந்த நாளா? போர்க்காலம், ஆங்கிலேய அரசின் கண்காணிப்பு. படத்தை வெளிச்சத்தில் வைத்திருப்பதே ஆபத்தாகிவிட்டது. 1947 ஆகஸ்டில், விடுதலை நாட்களில், தில்லியில் இந்தி விளக்கவுரையுடன் திரையிட்டார்கள். அது முடிந்த நாளா? 1953-ல் அமெரிக்காவில் ஆங்கில வடிவம் தயாராகிக் காட்டப்பட்டது. அது? அதன் பிறகு படம் மெல்ல மெல்லக் கண்ணிலிருந்து மறைந்தது. தமிழில் அவர் முடித்த அந்த முழுப் படம் காணாமற்போனது. செட்டியார் 1983-ல் காலமானார். பல ஆண்டுகள் கழித்து, சுருக்கப்பட்ட ஆங்கில வடிவத்தின் பிரதி ஒன்றை ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கண்டெடுத்தார்.

இருபத்தெட்டு வயதில் வாழ்நாளின் பெரிய வேலையை முடித்துவிட்ட மனிதர், அதற்குப் பிறகு நாற்பத்துமூன்று ஆண்டுகள் இருந்தார். அந்த ஆண்டுகளில் என்ன செய்தார் என்பதுதான் என்னை எழுப்பி உட்காரவைத்தது. 1943-லிருந்து ‘குமரி மலர்’ இதழை நடத்தினார், கடைசிவரை. மற்றவர்கள் எழுதி மறந்துபோன பழைய கட்டுரைகளைத் தேடியெடுத்து அதில் அச்சிட்டார். தன்னை முன்னால் நிறுத்திக்கொண்டதில்லை. காந்தி படத்துக்காக உலகெங்கும் அடுத்தவர் எடுத்த சுருளைத் தேடிய அதே கை, அடுத்தவர் எழுத்தைத் தேடியது. தன் படம் யார் கண்ணுக்குப் போகும், எப்போது போகும் என்பதைத் தன்னால் கட்டிவைக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்தவர் செய்து வைத்ததைப் பார்ப்பது மட்டும் தன் கையில் இருந்தது. அதைச் செய்தார். நான் மறுபடி நோட்டை எடுத்தேன்.

செய்ததை விட்டு விலகி நிற்கிற இன்னொருவரும் நினைவுக்கு வந்தார். எங்கள் பக்கம் கோயில் திருப்பணிக்குக் குறைவில்லை. எங்கள் நகரத்தார் சமூகத்தின் கோயில்கள் ஒன்பது. ஏதாவது ஒன்றில் வேலை நடந்துகொண்டே இருக்கும். சிறு வயதில் ஐயாவோடு, அதாவது தாத்தாவோடு, ஒரு குடமுழுக்குக்குப் போனபோது கண் திறப்பைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சிலையின் எல்லா வேலையும் முடிந்த பிறகும் கண்ணை மட்டும் விட்டுவைப்பார்கள். சடங்கு நேரத்தில் திரைக்குள் ஸ்தபதி போய்க் கண்ணைத் திறப்பார். திரை விலகியதும் தெய்வத்தின் முதல் பார்வைக்குக் கண்ணாடி, பசுவும் கன்றும், தானியம் என்று மங்கலமானவற்றைக் காட்டுவார்கள். பிரதிஷ்டைக்குப் பிறகு ஸ்தபதிக்குக்கூட அந்தச் சிலையைத் தொட உரிமையில்லை. மாதக்கணக்கில் மடியில் வைத்திருந்ததுபோல வைத்துச் செதுக்கியவர், வெளியே எல்லாரோடும் நின்று கும்பிட வேண்டும். “பாவமா இல்லையா ஐயா, அவருக்கு?” என்று கேட்டேனாம். ஐயா என்ன சொன்னார்கள் என்று நினைவில்லை. கேள்வி மட்டும் அறுபது ஆண்டுகள் எனக்குள் இருந்தது.

கிளியின் வால் முடிந்த சில நாட்களில் பிள்ளையார் நோன்பு வந்தது. நகரத்தார் வீடுகளில் இதற்கு இணையான நாள் எனக்குத் தெரிந்து இல்லை. திருக்கார்த்திகைக்கு மறுநாளிலிருந்து இருபத்தோரு நாள், நாளுக்கு ஒரு நூல் இழையாகப் புது வேட்டியிலிருந்து எடுத்து வைப்போம். இருபத்தோராம் நாள் அத்தனை இழையையும் சேர்த்துத் திரியாக்கி, நெய்யில் நனைத்து, வெல்லமும் மாவும் பிசைந்து பிடித்த பிள்ளையாரின் மேல் வைத்து ஏற்றுவோம். எரிகிற சுடரோடு அதை அப்படியே வாயில் போட்டு விழுங்க வேண்டும். இழை எடுத்துக்கொள்வது என்று பெயர். இருபத்தோரு நாள் சேர்த்தது ஒரு நொடியில் உள்ளே போய்விடும்.

இதை ஒவ்வொரு ஆண்டும் செய்கிறேன். அந்த ஆண்டுதான் ஒன்றைக் கவனித்தேன். யாரும் தானாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டில் மூத்தவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் கைநீட்டி வாங்கிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் இப்போது மூத்தவள் நான். பிள்ளையாரைப் பிடித்து, திரியை ஏற்றி, சுடர் அணையாமல் ஒவ்வொருவர் கையிலும் வைத்தேன். சின்னப் பேத்தி பயந்து கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, வெளிச்சம் உள்ளே போய்விட்டதா என்று பார்ப்பதுபோல வயிற்றைத் தொட்டுக்கொண்டாள். இழையைச் சேர்த்தது நான். எடுத்துக்கொண்டது அவள். அந்தச் சுடர் என் கையில் இருந்தவரை வெறும் திரிதான். அவள் தொண்டையைத் தாண்டியபோதுதான் நோன்பு முடிந்தது.

பொங்கல் விடுமுறையில், கடைசி வீட்டில் எனக்கு மோர் கொடுத்த அந்த அம்மாவின் பேத்தி எங்கள் வீட்டுக்கு வந்தது. ஏழாவது படிக்கிறது. முகப்பில் நோட்டுகளைப் பரப்பி வைத்து வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டியது. நான் அடுப்படிக்கும் முகப்புக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

“ஆச்சி, இந்தக் குருவி ஏன் ஒளிஞ்சிருக்கு?”

“எந்தக் குருவி?”

“இந்தா, இந்தக் கொடிக்குள்ள.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். மூன்றாவது நோட்டு. யானைக்குக் கீழே கொடிக்கருக்கு சுருண்டு சுருண்டு ஏறும் இடம். அவள் விரல் வைத்த இடத்தில் ஓர் இலைச் சுருள், அதன் நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழைய ஆணித் துளை என்று நினைத்தேன். துளையாக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி வைப்போம் என்று வைத்தேன். அவள் விரலை விலக்கிவிட்டுப் பார்த்தேன். இலையின் நுனி அலகு. மடிப்பு இறக்கை. ஆணித் துளை கண். கொடிக்குள் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. ஒருமுறை தெரிந்த பிறகு அது இலையாகத் திரும்பித் தெரியவேயில்லை.

அந்த நிலைக்கு முன்னால் நான் பதினாறு காலை உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு கோட்டையும் அளந்து போட்டிருக்கிறேன். குருவியை வரைந்திருக்கிறேன், குருவி என்று அறியாமலேயே. யாரோ ஓர் ஆசாரி, கொட்டாப்புளியை லேசாகத் தட்டி, வீட்டுக்காரர் கேட்காத ஒரு குருவியைக் கொடிக்குள் ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கல்யாணமும் சாவும் அதன் கீழே போயிருக்கின்றன. கடைசியில் ஒரு சிறுமியின் விரல் அதன் கண்ணைத் திறந்தது. நேரில் போய்ச் சரிபார்க்கலாம் என்றால் வழியில்லை. அது முனீஸ்வரன் கோயில் தெருவில் நான் பார்த்த நிலை. எந்த ஊரில், எந்த ஓட்டல் வாசலில் நிற்கிறதோ. இப்போதைக்கு அந்தக் குருவி இருக்குமிடம் என் நோட்டு. அதுகூட அவள் சொன்ன பிறகுதான்.

அப்போதுதான் ஒன்பதாவது பூவும், அதைத் தடவிய ஆச்சியின் விரலும், திரைக்கு வெளியே வந்து நிற்கும் ஸ்தபதியும், தன் படத்தைத் தொலைத்த பிறகும் அடுத்தவர் எழுத்தைத் தேடிய செட்டியாரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். முடிப்பது செய்கிறவர் வேலை என்று நினைத்திருந்தேன். செய்கிறவரால் நிறுத்தத்தான் முடியும். எங்கே நிறுத்துவது என்று மரம் சொல்லும், வயது சொல்லும், சில சமயம் நோட்டில் பக்கம் தீர்ந்துபோகும். முடித்து வைக்கிற கண் வேறொருவருடையது. அது அறுபத்தைந்து ஆண்டு தாமதமாக வரலாம், கடல் கடந்து வரலாம், ஏழாம் வகுப்பு விடுமுறையில் வரலாம். மார்கழியில் தெருவில் நின்றபோது என் வேலை முடிந்துவிட்டது என்றுதான் அழுதேன். அது அன்றைக்குத்தான் வெளியே புறப்பட்டிருக்கிறது. ஐயாவிடம் கேட்ட கேள்விக்கும் பதில் கிடைத்தது. ஸ்தபதி பாவமில்லை. வெளியே வந்த பிறகுதான் அவரும் அந்தச் சிலையின் முகத்தை முதல்முறையாக ஏறிட்டுப் பார்க்கிறார். உள்ளே இருந்தவரை அவர் பார்த்தது கல்லை.

அன்றைக்கு அந்தப் பெண் போகும்போது ஒரு பென்சிலைக் கொடுத்தேன். குருவியின் பக்கத்தில், நோட்டின் ஓரத்தில், தன் கையாலேயே ‘குருவி’ என்று எழுதியது. கீழே தேதியும் போட்டது.

நோட்டுகள் பதினேழும் எங்கள் வீட்டு முகப்பில், நீண்ட பலகை மேல், வரிசையாக இருக்கின்றன. காலை எட்டு மணிக்குக் கதவைத் திறக்கிறேன். பதினொரு மணிவரை அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். நேமத்தான்பட்டிப் பக்கம் வருகிறவர்கள் வாருங்கள். உங்கள் வீட்டு நிலை அதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருங்கள். நான் பார்க்காமல் வரைந்தது எதையாவது கண்டால் ஓரத்தில் எழுதுங்கள். பென்சில் வைத்திருக்கிறேன்.